பிள்ளை ஆடட்டும், நாம் கோட்டுக்கு வெளியே நிற்போம்: கன்னியாகுமரிப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு கால்பந்து மேட்சில் லெஃப்ட் பேக்கில், அதாவது இடது பக்கத் தடுப்பில் நின்றான். எதிரணிப் பையன் தூக்கி அடித்த பந்து அவனை நோக்கி வந்தது. நான் லைனில் நின்று "அடி மக்கா, வெளிய அடி" என்று கத்தினேன். அதே நொடியில் கோச் "நிறுத்து, நிறுத்தி ஆடு" என்றார். பிள்ளை பந்தைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தான். பந்து காலுக்கு அடியில் போய்விட்டது. அடுத்த மூன்று நொடியில் கோல். அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் சொன்னான்: "அம்மா, அடுத்த மேட்சுக்கு நீங்க வரண்டாம்."

அதற்குப் பிறகு ஆறு வருடமாக மகனுக்காகவும் மகளுக்காகவும் லைனில் நிற்கிறேன். நாகர்கோவில் அண்ணா விளையாட்டு அரங்கம், பள்ளி மைதானங்கள், கடற்கரை ஊர்களில் பங்குத் தேவாலயத் திருவிழாவை ஒட்டி நடக்கும் போட்டிகள் என்று பல இடம் பார்த்தாயிற்று. நல்ல பெற்றோர் எப்படி நிற்கிறார்கள் என்பதையும், நல்ல மனசுள்ள பெற்றோரே பிள்ளையின் ஆட்டத்தை எப்படிக் கெடுக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கால்பந்தை வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன், நம் மாவட்டத்தில் அதுதான் அதிகம். மற்ற ஆட்டங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: முந்தின ராத்திரியே பேசிவிடுங்கள்

மேட்ச் நாள் காலையில் எல்லாருக்கும் அவசரம். அதனால் முந்தின ராத்திரி பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு நான் லைன்ல நிக்கும்போது என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாது?" பதில் வரும்வரை காத்திருங்கள். என் மகள் சொன்னது இது: "பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. நல்லா ஆடினா கைதட்டுங்க. விழுந்தா உடனே ஓடி வராதீங்க." மகனுக்கு வேறு கணக்கு. அவனுக்கு நான் கோல் போஸ்ட் பக்கம் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொன்று. கேட்காமல் தெரியாது.

இன்னொரு பேச்சும் வேண்டும், அது நமக்கு நாமே பேசிக்கொள்ள வேண்டியது: நான் எதற்காக இவனை ஆட அனுப்புகிறேன்? தூத்தூர் கரைப் பக்கம் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போய், 2019-இல் இந்திய ஜெர்ஸியும் போட்டார். அந்தக் கரையில் பத்து வயதுப் பையனின் அப்பா எவருக்கும் அது மனசின் ஓரத்தில் இருக்கும். இருப்பதில் தப்பே இல்லை. உள்நாட்டுப் பக்கம் அதே ஆசை ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற பெயரில் வரும். குறுவட்டம் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அதை ஜெயித்தால் மாநிலம், அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்லூரி. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கோடு லைனில் நின்றால், பிள்ளை ஒரு பெனால்டியைத் தவறவிடும்போது நமக்குத் தெரிவது பெனால்டி இல்லை, போன சான்றிதழ். முகம் மாறிவிடும். முப்பது மீட்டர் தூரத்திலிருந்து பிள்ளை அதைப் படித்துவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வெற்றி தோல்வியே பெரிய விஷயமாக இருக்கக்கூடாது என்று நினைக்கும் நாடுகளும் உண்டு. நார்வேயில் பிள்ளைகளுக்கு 11 வயது ஆகும்வரை புள்ளிப் பட்டியல், தரவரிசை எதுவும் போடுவதில்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கங்களை அள்ளுகிற நாடு அது. நம் ஊரில் எட்டு வயதுக்கே நாக் அவுட் கோப்பை வைக்கிறோம். அதை உடனே மாற்ற நம்மால் முடியாது. வீட்டில் அந்தக் கோப்பைக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

பையைப் பிள்ளையே அடுக்கட்டும். பூட், சாக்ஸ், ஷின் பேட், தண்ணீர், மாற்று பனியன். பிறப்புச் சான்றிதழ் நகல் கேட்கும் போட்டி என்றால் அதை மட்டும் நாம் பார்த்துக்கொள்வோம். ஷின் பேடை மறந்து ஒரு தடவை பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை அடுத்த தடவை மறக்காது.

சாப்பாடு: ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இட்லியோ புட்டோ பயறோ, வழக்கமாகச் சாப்பிடுவது. மேட்ச் அன்றைக்குப் புதுசாக எதையும் பரீட்சை செய்ய வேண்டாம். அரைமணி முன்னால் பசித்தால் இரண்டு மட்டிப்பழம் போதும். வயிற்றில் தங்காது.

படி 2: நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் மைதானங்கள் பலவற்றில் கம்பி வேலியும் கிடையாது, கேலரியும் கிடையாது. சுண்ணாம்புக் கோடு ஒன்றுதான் எல்லை. ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்கக் கூட்டம் கோட்டை நோக்கி நகரும். இடைவேளைக்குள் லைன்ஸ்மேன் ஓடுவதற்கு இடம் இருக்காது, த்ரோ எறியும் பிள்ளை நம் காலை மிதித்துக்கொண்டு எறிவான்.

கோட்டிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அணியின் பெஞ்ச் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பது இன்னும் நல்லது, கோச்சின் குரலும் நம் குரலும் கலக்காது. கோல் போஸ்டுக்குப் பின்னால் நிற்கவே வேண்டாம். பத்து வயது கோல்கீப்பருக்குப் பின்னாலிருந்து பெரியவர்கள் பேச்சுக் கேட்பது எவ்வளவு பாரம் என்று கோல் காத்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் 2008-இல் ரெஸ்பெக்ட் என்று ஒரு இயக்கம் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்தது ரொம்ப எளிமையான விஷயம்: பெற்றோர் நிற்கும் இடத்துக்கு முன்னால் ஒரு தடுப்பு கட்டுவது. அதை நாமும் செய்யலாம். கயிறு நம் ஊரில் கிடைக்காத பொருளா? நாலு கம்பு நட்டு, கோட்டிலிருந்து மூன்று மீட்டரில் ஒரு தேங்காய் நார்க் கயிறு. நாங்கள் ஒரு போட்டிக்கு இதைச் செய்தோம். யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிழலுக்காகத் தென்னைக்கு அடியில் உட்காருபவர்கள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். ஜூன், ஜூலை சாரலில் குடை பிடிப்பவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுங்கள்.

படி 3: பந்து ஓடும்போது பேசாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது வாய் திறக்க வேண்டாம். பந்து நின்ற பிறகு கைதட்டுங்கள், பாராட்டுங்கள், எழுந்து நின்று ஆடக்கூடச் செய்யுங்கள்.

காரணம் சொல்கிறேன். பந்து காலுக்கு வருகிற ஒரு நொடிக்குள் பிள்ளை பல விஷயம் பார்க்க வேண்டும். பந்தின் வேகம், நெருங்கும் எதிராளி, காலியாக நிற்கும் கூட்டாளி, தன் கால் இருக்கும் நிலை. இவற்றைப் பார்த்துத் தானாக ஒரு முடிவு எடுப்பதுதான் ஆட்டம். கோச் மாதக்கணக்கில் பயிற்சியில் வளர்ப்பது அந்த முடிவெடுக்கும் பழக்கத்தைத்தான். அந்த நொடியில் நாம் "பாஸ் பண்ணு" என்று கத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். பிள்ளை ஏற்கெனவே எடுத்த முடிவைக் கைவிட்டுத் தடுமாறும். இல்லையென்றால் நாம் சொன்னபடி செய்யும், யோசிக்கக் கற்றுக்கொள்ளாது. என் மகன் அன்றைக்குத் தடுமாறினான்.

நூறு பேர் சத்தத்திலும் அம்மா, அப்பா குரல் பிள்ளைக்குத் தனியாகக் கேட்கும். கைக்குழந்தையிலிருந்தே அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்துப் பழகியது. "எல்லாரும்தானே கத்துறாங்க" என்று நாம் சொல்வது அதனால் எடுபடாது.

லைனிலிருந்து வரும் சத்தம் மூன்று வகை.

ஒன்று, கட்டளை. "அடி", "ஓடு", "ஏறி நில்லு", "அவனப் பிடி". இதை அடியோடு விட்டுவிடுங்கள். கட்டளை கோச்சின் வேலை.

இரண்டு, தீர்ப்பு. "அய்யோ", "என்னலே இது", "சே". இதில் சத்தமில்லாத வகையும் உண்டு, அதைத்தான் நாம் கவனிப்பதில்லை. தலையில் கை வைப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது. தப்பு செய்த பிள்ளை முதலில் பார்ப்பது அப்பா அம்மா நிற்கும் இடத்தைத்தான். அந்த நொடியில் நம் முகம் சாதாரணமாக இருந்தால் போதும், கட்டைவிரலை உயர்த்த வேண்டும் என்றுகூட இல்லை.

மூன்று, பாராட்டு. இது வேண்டும், தாராளமாக வேண்டும். ஆனால் எதைப் பாராட்டுகிறோம் என்று பாருங்கள். கோலுக்கு எல்லாரும் கைதட்டுவார்கள். பந்தை இழந்த பிறகு திரும்ப ஓடி வந்த பிள்ளைக்கு, விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்கிய பிள்ளைக்கு, பயந்துகொண்டிருந்த இடது காலால் முதன்முறை பாஸ் போட்ட பிள்ளைக்கு யார் கைதட்டுவது? எதிரணி நல்ல கோல் போட்டாலும் தட்டுங்கள். முதல் தடவை கூச்சமாக இருக்கும், பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். மூன்றாவது தடவை அவரும் தட்டுவார். இது நான் கண்ணால் பார்த்தது.

பேசாமல் இருப்பது சொல்கிற அளவுக்கு லேசு இல்லை. முதல் கால்மணி நேரம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கு உதவியவை: வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்று, வாய்க்கு வேலை. அப்புறம், நம் பிள்ளையை விட்டுவிட்டு அணியில் வேறொரு பிள்ளையைப் பத்து நிமிடம் கவனிப்பது. பந்து தென்னந்தோப்புக்குள்ளோ வாய்க்காலிலோ போனால் எடுத்துக் கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொள்வது இவற்றில் சிறந்தது. எந்தப் போட்டியிலும் அதற்கு ஆள் குறைவு. நடந்துகொண்டே இருந்தால் மனசும் ஆறும்.

படி 4: ரெஃப்ரியை விட்டுவிடுங்கள், விதியைப் படியுங்கள்

ஒரு போட்டி முடிந்த பிறகு, விசில் ஊதிய பையன் பைக்கில் சாவியைப் போட முடியாமல் கை நடுங்க நின்றதைப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. ஒரு ஆஃப்சைடு (எதிரணியின் கடைசித் தடுப்பாளரையும் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் தப்பு) கொடுக்கவில்லை என்று அரைமணி நேரமாக நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவனைத் திட்டியிருந்தோம். வீட்டுக்கு வந்து விதியைத் தேடிப் படித்தேன். அந்தப் பந்து நேராக த்ரோவிலிருந்து வந்தது. த்ரோவில் ஆஃப்சைடே கிடையாது. அவன் சரி, நாங்கள் தப்பு. அடுத்த போட்டியில் அவன் வரவில்லை.

அதனால், கத்துவதற்கு முன்னால் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லைனில் நாம் அதிகம் தப்பாகச் சொல்வது இவைதான்.

ஆஃப்சைடு: த்ரோ, கார்னர், கோல் கிக் இந்த மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு இல்லை. தன் சொந்தப் பாதியில் நிற்பவனும் ஆஃப்சைடு ஆகமாட்டான். கூட்டாளி பந்தைத் தொட்ட நொடியில் எங்கே நின்றான் என்பதுதான் கணக்கு, பந்தை வாங்கும்போது எங்கே இருந்தான் என்பது கணக்கில்லை. வேகமாக ஓடுகிற பிள்ளை பந்தை வாங்கும்போது எதிராளிக்கு அஞ்சு மீட்டர் முன்னால் இருப்பான், நமக்கு ஆஃப்சைடு மாதிரியே தெரியும். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகள் பலவற்றில் இந்த விதியே வைப்பதில்லை. போட்டி தொடங்கும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்பால்: பந்து கையில் பட்டாலே தப்பு என்று இல்லை. வேண்டுமென்றே தொட்டானா, கையை விரித்து உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கி வைத்திருந்தானா என்று ரெஃப்ரி பார்ப்பார். தோள்பட்டையில் பட்டால் அது கையே இல்லை. அக்குளின் அடிப்பகுதிக்குக் கீழேதான் கை தொடங்குகிறது.

அட்வான்டேஜ்: ஃபவுல் நடந்தும் விசில் வரவில்லை என்றால் ரெஃப்ரியின் கையைப் பாருங்கள். முன்னால் நீட்டியிருந்தால், அடிபட்ட அணிக்கே பந்து சாதகமாகப் போவதால் ஆட்டத்தை ஓடவிட்டிருக்கிறார். சில நொடிக்குள் சாதகம் அமையவில்லை என்றால் பழைய ஃபவுலுக்கே விசில் ஊதுவார்.

பந்து வெளியே: பந்தின் முழு உருண்டையும் கோட்டைத் தாண்ட வேண்டும். கோல் ஆவதற்கும் அதே கணக்கு. லைனுக்கு நேராக நிற்காத நமக்கு இது சரியாகத் தெரியாது, நின்ற இடத்தின் கோணம் ஏமாற்றும்.

பேக் பாஸ்: கூட்டாளி வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோலி கையால் எடுக்கக்கூடாது. தலையால் தட்டினால் எடுக்கலாம்.

சரி, ரெஃப்ரி தப்பே செய்யமாட்டாரா? செய்வார். ஆட்டத்தில் நடந்ததைப் பற்றி அவர் எடுக்கும் முடிவே இறுதி என்று விதியே சொல்கிறது. கேட்க வேண்டியிருந்தால் அணி கேப்டனோ கோச்சோ மரியாதையாகக் கேட்கட்டும். கோச்சுக்கே மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்று 2019-இல் விதி வந்துவிட்டது. பார்வையாளருக்கு அட்டை இல்லை, ஆனால் வெளியாட்கள் குறுக்கிட்டால் ஆட்டத்தை நிறுத்தவும், கைவிடவும் ரெஃப்ரிக்கு அதிகாரம் உண்டு. நாம் கோட்டுக்குள் கால் வைத்தால் அதற்கு விலை கொடுப்பது மைதானத்தில் இருக்கும் இருபத்திரண்டு பிள்ளைகள்.

நிஜமாகவே பெரிய அநியாயம் என்றால், ஆட்டம் முடிந்து ஒரு நாள் ஆறவிட்டு, எந்த ஆட்டம், எந்த நிமிடம், என்ன நடந்தது என்று எழுதிப் போட்டி நடத்துபவர்களிடம் கோச் மூலமாகக் கொடுங்கள்.

கபடி பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒன்று. ரெய்டு போகும் பிள்ளை மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று சொல்கிறதா என்பதை நடுவர் காதால் கேட்டாக வேண்டும். களத்தின் ஓரத்தில் நாம் போடும் கூச்சல் அந்தச் சத்தத்தை மூழ்கடித்துவிடும். வாலிபாலில் சர்வ் போடும் பிள்ளைக்குப் பின்னால் நின்று பேசாதீர்கள்.

படி 5: கோச்சின் வேலையைக் கோச்சிடம் விடுங்கள்

பிள்ளையை வெளியே எடுத்துவிட்டாரா, பெஞ்சிலேயே வைத்திருக்கிறாரா, நமக்குப் பிடிக்காத இடத்தில் நிறுத்தியிருக்கிறாரா, எதுவாக இருந்தாலும் அன்றைக்குப் பேச வேண்டாம். இடைவேளையில் அணி கூடி நிற்கும் வட்டத்துக்குள் போகாதீர்கள். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் நாலு வார்த்தை சொல்வதும் வேண்டாம். அந்தப் பத்து நிமிடம் கோச்சுக்குச் சொந்தம்.

மறுநாள் போன் செய்து நேரம் கேட்டுப் பேசுங்கள். "என் மகனை ஏன் எடுத்தீங்க?" என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். "அவன் எதில் முன்னேறணும் சார்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். அந்தப் பேச்சில் மற்றப் பிள்ளைகளின் பெயரை இழுக்காதீர்கள்.

ஆட்ட நேரம் விஷயத்தில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால், ஆட வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஆட வாய்ப்பு கிடைக்க வேண்டும். மூன்று மேட்ச் தொடர்ந்து ஒரு பிள்ளை உட்கார்ந்தே இருந்தால், அது உங்கள் பிள்ளையாக இல்லாவிட்டாலும் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

படி 6: எதிரணியும் பிள்ளைகள்தான்

14 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஒருவன் மீசை அரும்பி ஆறடியை எட்டப் பார்ப்பான், இன்னொருவன் இன்னும் சின்னப் பிள்ளை உடம்போடு இருப்பான். இரண்டு பேருக்கும் ஒரே வயதாக இருக்கலாம், அந்தப் பருவத்தில் உடம்பு வளர்வது அப்படித்தான். ஆனால் லைனில் உடனே குரல் வரும்: "இவனுக்குப் பதினாலு வயசாலே?" உயரமாக வளர்ந்தது அந்தப் பிள்ளை செய்த குற்றம் இல்லை. வயதில் நிஜமாகவே சந்தேகம் இருந்தால் சான்றிதழைப் பார்க்கும்படி கோச் எழுதிக் கேட்பார். பிள்ளையின் காதுபடச் சொல்ல வேண்டாம்.

ஊர்ப் பெயர், சாதி, மதம், நிறம், அப்பா செய்யும் தொழில், இதில் எதுவும் லைனில் நாக்கில் வரக்கூடாது. கடற்கரை அணியும் உள்நாட்டு அணியும் மோதும்போது, ஒரு பங்கும் பக்கத்துப் பங்கும் மோதும்போது என்னென்ன வார்த்தை பறக்கும் என்று இந்த மாவட்டத்தில் லைனில் நின்ற எல்லாருக்கும் தெரியும். பெரியவர்களின் பழைய பகையை முதன்முதலாகப் பிள்ளைகள் கேட்கும் இடமாக மைதானம் ஆகிவிடுகிறது. பக்கத்தில் யாராவது அப்படிப் பேசினால் சும்மா நிற்காதீர்கள்.

பெண் பிள்ளைகள் ஆடும்போது இன்னொரு வகைப் பேச்சு வரும். "ஷார்ட்ஸ் போட்டு இப்படி ஓடணுமா", "வெயில்ல கறுத்துப் போயிட்டா", "கால் ஒடிஞ்சா யாரு கட்டுவா". என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் இந்தக் கடைசி வாக்கியம் கேட்டது. சொன்னவர் எங்களுக்குச் சொந்தக்காரர், அக்கறையாகச் சொல்வதாகத்தான் நினைத்தார். அவள் அந்தப் பாதி முழுக்கப் பந்துக்குப் போகவே பயந்தாள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, ஆட்டத்தைப் பத்தி மட்டும் பேசுவோம்" என்றேன். கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. பரவாயில்லை. ஓய்வெடுக்கவும் விளையாடவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 31-ஆவது பிரிவு சொல்கிறது, 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. அதில் ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று எங்கேயும் இல்லை.

படி 7: அடிபட்டால், இடி இடித்தால்

பிள்ளை விழுந்ததும் மைதானத்துக்குள் ஓடாதீர்கள். ரெஃப்ரி நிறுத்தி, உள்ளே கூப்பிட்ட பிறகு கோச்சோ முதலுதவி தெரிந்தவரோ போகட்டும். உங்களைக் கூப்பிட்டால் நடந்து போங்கள். நாம் பதறி ஓடினால் சின்ன அடியும் பிள்ளைக்குப் பெரிதாகத் தெரியும். ரத்தம் வந்தால் பிள்ளை வெளியே வந்து, ரத்தம் நின்ற பிறகுதான் திரும்ப ஆட வேண்டும்.

தலையில் அடி என்றால் எந்தச் சமரசமும் வேண்டாம். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், ஸ்கோர் தெரியாமல் விழிப்பது, கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பிள்ளை "ஒண்ணுமில்ல" என்று அழுதாலும், ஃபைனலாக இருந்தாலும், கோச் கேட்டாலும் அதே பதில். மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் உடனே 108. கழுத்தில் வலி என்றால் அசைக்காமல் அப்படியே வைத்திருங்கள். போட்டி நடக்கும் இடத்திலிருந்து பக்கத்து மருத்துவமனை எது என்று போகும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

சித்திரை, ஐப்பசி மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் மைதானத்தை விட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போக வேண்டும். மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் திரும்ப ஆட்டம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெற்றோர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்கலாம் என்பேன்.

படி 8: வெளிநாட்டில் இருக்கும் அப்பாவும் வீடியோ காலும்

நம் மாவட்டத்தில் பாதி வீட்டு விஷயம் இது. அப்பா வளைகுடாவில் இருப்பார், மகனுடைய மேட்சை வீடியோ காலில் பார்ப்பார். பார்க்கட்டும், அதைவிட அவருக்கு வேறென்ன சந்தோஷம். ஆனால் ஸ்பீக்கரில் போடாதீர்கள், இயர்போன் மாட்டுங்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்து "ஷூட் பண்ணுலே" என்று லைனில் குரல் கேட்பது பிள்ளைக்கு என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் வழக்கம், ஆட்டம் நடக்கும்போது அவர் மியூட்டில் இருப்பார், முடிந்த பிறகு போனைப் பிள்ளை கையில் கொடுப்பேன். முதலில் அவருக்கு வருத்தம். இப்போது அந்த அஞ்சு நிமிடப் பேச்சுக்குத்தான் அவர் காத்திருக்கிறார்.

ஆழ்கடல் மீன்பிடிக்குப் போய் மாதக்கணக்கில் கழித்துக் கரைக்கு வரும் அப்பாக்களுக்கும் இதே கஷ்டம் வேறு விதத்தில் உண்டு. வருஷத்தில் இரண்டு மூன்று மேட்ச்தான் பார்க்கக் கிடைக்கும், எல்லாப் பாசமும் அந்த ஒரு மணி நேரத்தில் சத்தமாக வெளியே வரும். அவர்களுக்கு முந்தின ராத்திரிக் கேள்வி இன்னும் அவசியம்.

மற்றவர் பிள்ளைகளின் படத்தையும் வீடியோவையும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுடையதை, அவர்கள் வீட்டில் கேட்காமல் குரூப்பில் போடாதீர்கள். ஒரு பிள்ளை செய்த தப்பை வெட்டி ஸ்டேட்டஸ் வைப்பது கொடுமை.

படி 9: விசில் ஊதிய பிறகு

கை கொடுக்கும் வரிசை முடியட்டும். ரெஃப்ரிக்கும் எதிரணி கோச்சுக்கும் நன்றி சொல்லுங்கள், ஜெயித்தாலும் தோற்றாலும். தண்ணீர்ப் பாட்டில்களைப் பொறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்குப் போகும் வழிதான் கடினமான இடம். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்கும் போக முடியாது, நாமோ பேசத் துடித்துக்கொண்டிருப்போம். அந்த வழியில் ஆட்டத்தைப் பற்றி நாமாக எடுக்க வேண்டாம். "நீ ஆடினதப் பாக்க நல்லா இருந்துச்சு. பசிக்குதா?" இவ்வளவு போதும். வழியில் நிறுத்தி ஒரு சர்பத்தும் பழம்பொரியும் வாங்கிக் கொடுங்கள், தோற்ற அன்றைக்கும் அதே சர்பத், அதே பழம்பொரி. ஜெயித்தால் மட்டும் கிடைக்கும் என்று ஆக்கிவிடாதீர்கள்.

பிள்ளை தானாக எடுத்தால் கேளுங்கள். என் மகன் பெரும்பாலும் ராத்திரி படுக்கும் நேரத்தில்தான் எடுப்பான். அப்போதும் திருத்த வேண்டியதில்லை. "உனக்கு என்ன தோணிச்சு?" என்றால் அவனே தன் தப்பை நம்மைவிடச் சரியாகச் சொல்வான்.

படி 10: யாராவது எல்லை மீறினால், அது நாமாக இருந்தாலும்

பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டே இருக்கிறார். எல்லார் முன்னாலும் "சும்மா இருங்க" என்றால் இன்னும் ஏறுவார். பக்கத்தில் போய் நின்று, பேச்சை மாற்றுங்கள்: "அண்ணே, உங்க பையன் எந்த நம்பர்?" சிலருக்கு இதுவே போதும். அடங்கவில்லை என்றால் கோச்சிடமோ போட்டி நடத்துபவரிடமோ சொல்லுங்கள். ஒவ்வொரு அணியும் போட்டிக்கு ஒரு பெற்றோரை லைனைப் பார்த்துக்கொள்ள நியமித்தால் இன்னும் எளிது. எங்கள் அணியில் அது சுழற்சி முறையில் வருகிறது. தன் முறை வரும் அன்றைக்கு எல்லாரும் அமைதியாகிவிடுகிறார்கள்.

தாத்தாக்களிடம் இப்படியெல்லாம் சொல்ல முடியாது. அவர்களிடம் பேரனைக் கொண்டே சொல்ல வைப்பதுதான் வழி.

நாமே கத்திவிட்டோம் என்றால், அன்று ராத்திரிக்குள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். "நான் இன்னைக்கு ரெஃப்ரியத் திட்டினது தப்பு." அதோடு நிறுத்துங்கள், "ஆனா அவரும்..." என்று சேர்க்க வேண்டாம். ரெஃப்ரியை மறுபடி பார்க்கும்போது பிள்ளைக்கு முன்னாலேயே அவரிடமும் சொல்லுங்கள். கை நடுங்க நின்ற அந்தப் பையனை எட்டு மாதம் கழித்து வேறொரு மைதானத்தில் பார்த்தேன், விசில் இல்லாமல், தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். போய், அந்த த்ரோ விஷயத்தில் நீங்கதான் சரி என்று சொன்னேன். அவனுக்கு எந்த மேட்ச், எந்த நிமிடம் என்பதுவரை நினைவிருந்தது.